விழுவதற்கு முந்தைய நேரம்: சோதனையைப் பற்றிக் கிறிஸ்தவ மரபு சொல்வது

தமிழ்ச் சபைகளில் பாவத்தைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. விழுந்தவனுக்கு மன்னிப்பு உண்டு என்று பிரசங்கிக்கிறோம். விழுந்து எழுந்தவர் மேடையேறிச் சாட்சி சொல்கிறார். அந்தச் சாட்சிகளில் பெரும்பாலும் எல்லாமே முடிந்த கதையாக இருக்கும்: குடித்தேன், சூதாடினேன், கர்த்தர் விடுவித்தார். நேற்று ராத்திரி அதே ஆசை மறுபடியும் என்னைப் பிடித்து இழுத்தது என்று ஒருவர் எழுந்து சொல்வது அபூர்வம். சொன்னால், இவருக்கு இன்னும் முழு விடுதலை கிடைக்கவில்லையோ என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துவிடுவார் என்ற பயம். இந்த மௌனம் நாம் பழகிக்கொண்டது. மரபு நமக்குக் கொடுத்ததல்ல. கிறிஸ்தவ சிந்தனையின் மிகக் கூர்மையான பகுதிகளில் ஒன்று, ஆசை எழுவதற்கும் மனம் அதற்கு இணங்குவதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிறு நேரத்தைப் பற்றியதுதான். அங்கே என்ன நடக்கிறது, அங்கே நிற்பவனுக்கு எது உதவும் என்று பாலைவனத் துறவிகள் முதல் இருபதாம் நூற்றாண்டுப் போதகர்கள் வரை யோசித்திருக்கிறார்கள். அவர்கள் பல விஷயங்களில் ஒருவரோடொருவர் மோதினார்கள். ஆனாலும் ஒன்றில் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறார்கள்: சோதனையை மறைப்பவன் அதில் தோற்பதற்கு வழி செய்துகொள்கிறான்.

வேதாகமத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் பாம்பு யாரையும் வற்புறுத்தவில்லை. கடவுள் சொன்னதைக் கொஞ்சம் திரித்து ஒரு கேள்வி கேட்கிறது. அதன் பிறகுதான் அந்த மரம் உண்ண நல்லதாகவும், கண்ணுக்கு இனியதாகவும், அறிவு தருவதாகவும் ஏவாளுக்குத் தெரிகிறது. யோவானின் முதல் நிருபம் மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, வாழ்வின் பெருமை என்று மூன்றாகப் பிரிப்பதை இந்த மூன்றோடு பொருத்திப் பார்ப்பது பழைய வியாக்கியான வழக்கம். பொருத்தம் ஒருபுறம் இருக்கட்டும். நல்லதாக இருக்கிற ஒன்றுதான் இழுக்கிறது என்பதே அந்தக் கதையில் நான் முக்கியமாகக் கருதுவது.

சோதிப்பது யார் என்ற கேள்விக்கு வேதம் ஒரே வரியில் பதில் தருவதில்லை. கடவுள் ஆபிரகாமைச் சோதித்தார் என்கிறது ஆதியாகமம். கடவுள் ஒருவனையும் பொல்லாங்கினால் சோதிப்பதில்லை, அவனவன் தன் சொந்த இச்சையாலேயே இழுக்கப்படுகிறான் என்கிறார் யாக்கோபு. தாவீது ஜனங்களைத் தொகையிட்ட ஒரே சம்பவத்தை இரண்டாம் சாமுவேல் 24-ஆம் அதிகாரம் கர்த்தருடைய கோபத்தின் செயலாகவும், முதலாம் நாளாகமம் 21-ஆம் அதிகாரம் சாத்தானின் தூண்டுதலாகவும் எழுதுகின்றன. இந்த வேறுபாட்டைப் பூசி மெழுக வேண்டியதில்லை. யோபுவின் சரித்திரம் காட்டுவதுபோல ஒரே சம்பவத்தில் இரண்டு நோக்கங்கள் இருக்க முடியும்: ஒருவன் அவனை உடைக்கப் பார்க்கிறான், இன்னொருவர் அவன் உண்மையை வெளிக்கொண்டுவருகிறார். யாக்கோபு மறுப்பது, தவறு செய்துவிட்டுப் பழியைக் கடவுள்மேல் போடுவதை. ஏவாளைக் கைகாட்டிய ஆதாம் செய்ததும் அதுதான். அவன் அவளைத் தந்தவரையும் சேர்த்தே குற்றம் சொன்னான்.

ஆனால் இந்தக் கேள்வியின் மையம் யூதேயாவின் வனாந்தரத்தில் இருக்கிறது. இயேசு ஞானஸ்நானம் பெற்று, இவர் என் நேச குமாரன் என்ற குரல் கேட்ட உடனே சோதனைக்குப் போகிறார். அவரை அங்கே கொண்டுபோனவர் ஆவியானவர் என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதுகிறார்கள். சோதனை வந்தால் கடவுள் நம்மை விட்டுவிட்டார் என்று கலங்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை. அங்கே அவருக்குக் காட்டப்பட்டவற்றைக் கவனியுங்கள். நாற்பது நாள் பட்டினி கிடந்தவருக்கு அப்பம். கடவுள் காப்பார் என்பதற்கு எல்லோருக்கும் தெரியும் அத்தாட்சி. உலகத்தின் ராஜ்யங்கள். பசியாறுவது பாவமல்ல, பின்னொரு நாள் அவரே ஐயாயிரம் பேருக்கு அப்பம் தருகிறார். ராஜ்யங்களும் அவருக்கு உரியவைதான். சரியான பொருளைத் தவறான வழியில், தவறான கையிலிருந்து பெறும்படிதான் பிசாசு அழைத்தான். 91-ஆம் சங்கீதத்தை எடுத்துக்காட்டியும் அழைத்தான். வசனம் தெரிந்தவன் விழமாட்டான் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் நிற்பதில்லை.

இயேசுவின் மூன்று பதில்களும் உபாகமத்தின் 6, 8 அதிகாரங்களிலிருந்து வருகின்றன. இஸ்ரவேலர் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்ததை நினைவூட்டும் பகுதி அது. அவர்கள் அப்பத்துக்காக முறுமுறுத்தார்கள், மாசாவில் கடவுளைப் பரீட்சை பார்த்தார்கள், கன்றுக்குட்டியை வணங்கினார்கள். அவர்கள் தோற்ற இடங்களிலேயே இவர் நிற்கிறார். ஒரு ஜனத்தின் தோல்விக் கதையைத் தன் கதையாக ஏற்றுக்கொண்டு, அதற்குள்ளிருந்து பேசுகிறார். கையில் அகப்பட்ட வசனத்தை எடுத்து வீசுவது வேறு, இது வேறு. அதனால்தான் எபிரெயர் நிருபம் அவர் எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராக இருந்தார் என்று துணிந்து சொல்கிறது. சோதிக்கப்படுவதே பாவமாக இருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்கவே முடியாது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்துக்குப் போனவர்கள் இந்தச் சம்பவத்தைப் படித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களில் மனத்தை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர் பொந்துவைச் சேர்ந்த எவாகிரியுஸ். அவர் துறவியான விதமே ஒரு பாடம். கான்ஸ்டான்டிநோபிளில் பெயர்பெற்ற டீக்கனாக இருந்தபோது, உயர் பதவியில் இருந்த ஒருவரின் மனைவிமேல் காதல் கொண்டார். கனவில் வந்த எச்சரிக்கைக்குப் பயந்து கப்பலேறி எருசலேமுக்கு ஓடினார். அங்கே நீண்ட காய்ச்சலில் விழுந்தார். மருத்துவர்களால் குணமாக்க முடியவில்லை. மெலானியா என்ற துறவிப் பெண்மணி அவரிடம் விஷயத்தைக் கேட்டு வாங்கினார். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்ன பிறகுதான் எவாகிரியுஸ் தேறினார் என்று, அவரிடம் பயின்ற பல்லாதியுஸ் எழுதிவைத்திருக்கிறார். பிறகு எகிப்துக்குப் போய் 399-இல் இறக்கும்வரை பாலைவனத்திலேயே வாழ்ந்தார்.

மனிதனைத் தாக்கும் எண்ணங்களை அவர் எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண் புகழ், பெருமை. இந்தப் பட்டியலை ஜான் காசியான் மேற்கே கொண்டுபோனார். போப்பாண்டவர் கிரகோரியார் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் அதை மாற்றியமைக்க, பிற்காலத்தின் ஏழு தலையான பாவங்கள் உருவாயின. இந்த மாற்றத்தில் ஒரு நஷ்டம் உண்டு. எவாகிரியுஸ் எழுதியது பாவங்களின் பட்டியல் அல்ல, எண்ணங்களின் பட்டியல். எண்ணம் வந்து தட்டுவது நம் கையில் இல்லை, அது உள்ளே தங்குவதா இல்லையா என்பதே நம் கையில் இருக்கிறது என்பது அவர் நிலை. அந்த எட்டில் சோர்வைப் பற்றி அவர் எழுதியதை இன்று படித்தாலும் திடுக்கிட வைக்கும். நடுப்பகலில் துறவிக்குப் பொழுது நகர மறுக்கிறது. சூரியன் எங்கே என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறான். இந்த இடம் சரியில்லை, இந்தச் சகோதரர்களிடம் அன்பில்லை, வேறெங்காவது போனால் கடவுளை நன்றாகச் சேவிக்கலாம் என்று தோன்றுகிறது. வேலை மேசையில் உட்கார்ந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறவருக்கு இந்தத் துறவி அந்நியனல்ல. எவாகிரியுஸ் ஒவ்வொரு எண்ணத்துக்கும் எதிராகச் சொல்ல வேண்டிய வேதவசனங்களை, ஏறத்தாழ ஐந்நூறை, ஒரே நூலில் தொகுத்தும் வைத்தார். வனாந்தரத்தில் இயேசு செய்ததையே அவர் ஒரு பயிற்சியாக மாற்றினார்.

எண்ணம் எந்த இடத்தில் பாவமாகிறது? அகுஸ்தீன் மலைப்பிரசங்கத்தை விளக்கும்போது மூன்று படிகளைச் சொல்கிறார்: தூண்டுதல், அதில் எழும் இன்பம், இணக்கம். மூன்றாவதில்தான் பாவம் முழுமையடைகிறது. சீனாய் மலைத் துறவி யோவான் கிளிமாகுஸ் ஏழாம் நூற்றாண்டில் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்: எண்ணம் வருகிறது, மனம் அதோடு பேச்சுக் கொடுக்கிறது, இணங்குகிறது, பிறகு சிறைப்படுகிறது. பேச்சுக் கொடுப்பதைத் தனிப் படியாகக் காட்டுவதுதான் இதில் முக்கியம் என்று நினைக்கிறேன். ஏவாள் தோற்றது பழத்தைப் பறித்தபோது அல்ல, பாம்போடு வாதத்தில் இறங்கியபோது.

இணங்காமல் நிற்க மனிதனுக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதில் அகுஸ்தீன் காலத்திலேயே ஒரு பெரிய சண்டை வந்தது. கட்டளையிட்டதைச் செய்ய நீரே பலம் தாரும் என்ற பொருளில் அகுஸ்தீன் ஜெபித்திருந்ததைக் கேட்டு பெலேகியுஸ் என்ற துறவி கொதித்துப்போனார். இது மனிதனைச் சோம்பேறியாக்கும், கடவுள் கட்டளையிட்டால் அதைச் செய்யும் திறனும் மனிதனிடம் இருக்கிறது என்பது அவர் கட்சி. 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலேகியுஸின் போதனைகளைக் கண்டித்தது. தீர்ப்பு சரி என்றே நான் கருதுகிறேன். மனவுறுதியை மட்டும் நம்பச் சொல்லும் போதனை, வெல்கிறவனைக் கர்வியாக்கும், தோற்கிறவனை நொறுக்கும். ஆனால் பெலேகியுஸ் இன்னும் நம்முடைய பிரசங்க மேடைகளில் உயிரோடுதான் இருக்கிறார். விசுவாசம் போதவில்லை, இன்னும் அதிகமாக ஜெபித்திருக்க வேண்டும் என்று தோற்றவனைப் பார்த்துச் சொல்லும்போதெல்லாம் பேசுவது அவர்தான்.

சீர்திருத்தக் காலத்தில் கேள்வி இன்னொரு வடிவம் எடுத்தது. ஞானஸ்நானம் பெற்றவனுக்குள்ளும் தவறான ஆசை எழுகிறது. அந்தச் சாய்வே பாவமா? ஆம், உண்மையாகவே பாவம் என்றது லூத்தரன்களின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை. அது பாவத்திலிருந்து வருகிறது, பாவத்துக்குச் சாய்க்கிறது, ஆனால் எதிர்த்து நிற்பவனிடம் அதுவே பாவமாகாது என்றது 1546-இல் கத்தோலிக்கரின் திரிதெந்து சங்கம். கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும் இடையிலான இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. லூத்தரன் பார்வை மனிதன் தன்னைத்தானே நல்லவன் என்று எண்ணிக்கொள்வதைத் தடுக்கிறது. கத்தோலிக்கப் பார்வை போராடுகிறவனுக்கு மூச்சுவிட இடம் தருகிறது. இரண்டுக்கும் தேவையுள்ள மனிதர்கள் ஒரே சபையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு தரப்பின் போதகர்களும் நடைமுறையில் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள்: எழும் ஆசை உன்னைக் கைவிடப்பட்டவனாக்குவதில்லை.

எதிர்க்கும் வழிக்கு வருவோம். வேதம் ஒரே வகையான எதிர்ப்பைச் சொல்லவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிசாசுக்கு எதிர்த்து நிற்கச் சொல்கிறது. வேசித்தனம், விக்கிரகாராதனை, பண ஆசை, பாலியத்துக்குரிய இச்சைகள் ஆகியவற்றிலிருந்து ஓடச் சொல்கிறது. யோசேப்பு போத்திபாரின் மனைவியிடம் முதலில் பேசிப் பார்த்தான், பிறகு அங்கியை விட்டுவிட்டு ஓடினான். அவன் தன் மனவுறுதியை நம்பி அந்த அறையில் நிற்கவில்லை. தாவீதின் கதை ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் அவன் எருசலேமிலேயே இருந்துவிட்டான் என்ற செய்தியோடு தொடங்குகிறது. பத்சேபாளைப் பார்ப்பதற்கு முன்பே அவன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

உளவியல் ஆய்வுகள் அண்மையில் இதே பக்கம் வந்திருக்கின்றன. மனவுறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்று ராய் பாமைஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு பெரும் புகழ் பெற்றது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து அந்தக் கருத்தைச் சோதித்தபோது அப்படி ஒரு விளைவு குறிப்பிடும்படி தென்படவில்லை. ஜெர்மனியில் 205 பேரின் அன்றாட ஆசைகளைத் தொடர்ந்து பதிவுசெய்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. தன்னடக்கம் மிகுந்தவர்கள் ஆசையோடு அதிகமாகப் போராடுகிறவர்களாக அதில் தெரியவில்லை. போராட வேண்டிய சூழலே அவர்களுக்குக் குறைவாக இருந்தது. ஆன்லைன் ரம்மிக்கு அடிமையாகிக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு இது உடனே பயன்படும் செய்தி. செயலியை அழிப்பதும், வங்கிக் கணக்கை மனைவியோடு சேர்த்து வைத்துக்கொள்வதும் விசுவாசக் குறைவு அல்ல. அதுதான் யோசேப்பின் வழி.

ஆனால் ஓடிப்போவதும் வசனம் சொல்வதும் தனியாகச் செய்யக்கூடியவை. மரபின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. லொயோலா இஞ்ஞாசியார் 1548-இல் அச்சான தம் ஆன்மிகப் பயிற்சிகளில், சத்துருவை ஒரு வீட்டுப் பெண்ணை ரகசியமாக மயக்கப் பார்க்கிறவனுக்கு ஒப்பிடுகிறார். அவள் தன் தகப்பனிடமோ கணவனிடமோ சொல்லிவிட்டால் அவன் திட்டம் கெட்டுவிடும். அதனால் அவனுக்கு எல்லாவற்றையும்விட ரகசியம்தான் முக்கியம். 1530-இல் மனச்சோர்வில் தவித்த ஜெரோம் வெல்லர் என்ற இளைஞருக்கு எழுதிய கடிதத்தில், தனிமையை விட்டு ஓடு, மனிதர்களோடு இரு என்று லூத்தர் வற்புறுத்தினார். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரும் அந்தச் சபை எதிர்த்து நின்ற சீர்திருத்தவாதியும் இதில் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்திலும் இதுவே. அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையில் அடைபட்டபோது, உயிரை மாய்த்துக்கொள்ளும் யோசனைக்கு யாத்திரிகன் ஏறக்குறைய இணங்கிவிடுகிறான். அவனைத் தடுத்து நிறுத்துவது பக்கத்தில் இருக்கும் தோழன். கதவைத் திறக்கும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்தது பிறகுதான் அவனுக்கு நினைவுக்கு வருகிறது. பனியனின் இந்தக் கதையை அடியொற்றித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தமிழுக்குத் தந்தார். அதன் கவிநயத்தைப் பாராட்டுகிறோம். யாத்திரிகன் தனியாகப் பயணம் செய்யவில்லை என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

இதை ஒரு சபை ஒழுங்காகவே ஆக்கியவர் ஜான் வெஸ்லி. 1738 டிசம்பரில் அவர் வகுத்த விதிகளின்படி, சிறு குழுக்கள் வாரம் ஒருமுறை கூட வேண்டும். ஒவ்வொருவரிடமும் கேட்கப்படும் முதல் கேள்வி கடந்த கூட்டத்துக்குப் பிறகு தெரிந்து செய்த பாவங்களைப் பற்றியது. இரண்டாவது, சந்தித்த சோதனைகளைப் பற்றியது. மூன்றாவது, அவற்றிலிருந்து விடுவிக்கப்பட்ட விதத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வியில்தான் வெஸ்லியின் மேதைமை இருக்கிறது. உனக்குச் சோதனை வந்ததா என்று அவர் கேட்கவில்லை. வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டே கேட்கிறார். அந்தக் கேள்வி எழுந்த அறையில், ஆசை எழுந்தது என்று சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரனில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய குடிநோயாளர் கூட்டுறவு இயக்கத்தின் ஐந்தாம் படியும் இதே வழிதான்: தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது.

ஜெர்மானியப் போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர் 1938-இல், கெஸ்டாப்போ இழுத்து மூடிய தம் இறையியல் பள்ளியின் பழைய மாணவர்களைக் கூட்டிச் சோதனையைப் பற்றியே வேதபாடம் நடத்தினார். ஆசை பற்றியெரியும் அந்த நொடியில் சாத்தான் நம்மைக் கடவுள்மேல் வெறுப்பால் நிரப்புவதில்லை, கடவுளை மறக்கச் செய்கிறான் என்பது அவர் கண்டது. நாஜி அரசோடு ஒத்துப்போகும்படி தினமும் அழைக்கப்பட்ட இளம் போதகர்களிடம் அதைச் சொன்னார். சோதனை என்றாலே காமம் என்று சுருக்கிவிட்ட நமக்கு இந்தப் பின்னணி நினைவில் இருக்க வேண்டும். பயத்தால் உண்மையை விழுங்குவதும் சோதனையில் விழுவதுதான். இயேசு பிடிபட்ட இரவில் கெத்செமனேயில் தூங்கிவிட்டு, விடிவதற்குள் முற்றத்தில் மறுதலித்த பேதுரு விழுந்த இடமும் அதுவே.

இந்தப் போதனை தவறாகக் கையாளப்பட்ட இடங்களையும் சொல்லாமல் விட முடியாது. பில்லி கிரகாமும் உடன் ஊழியரும் 1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் நான்கு விஷயங்களில் கட்டுப்பாடு எடுத்துக்கொண்டார்கள்: பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளோடு உறவு, கூட்டத்தின் எண்ணிக்கையை மிகைப்படுத்தாமல் சொல்வது. ஊழியர்கள் காணிக்கைக் கணக்கிலும் கூட்ட எண்ணிக்கையிலும் இதைப் பின்பற்றினால் நம் சபைகள் எவ்வளவோ மேலாகும். ஆனால் பலருக்கு நினைவிருப்பது, மனைவி அல்லாத பெண்ணோடு தனியாக இருக்கக் கூடாது என்ற விதி மட்டும்தான். அது பல இடங்களில் பெண்ணையே ஆபத்தாகப் பார்க்கும் பழக்கமாகத் திரிந்துவிட்டது. மலைப்பிரசங்கத்தில் இயேசு பார்க்கிறவனுடைய கண்ணைத்தான் பிடுங்கச் சொல்கிறார். பெண்ணின் உடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இதைவிடக் கொடியது, பிறருக்குச் செய்த குற்றத்தைச் சோதனை என்ற பேரில் மூடுவது. சிறு பிள்ளையை ஒருவர் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியிருந்தால், ஊழியர் சோதனையில் விழுந்துவிட்டார், மன்னிப்போம் என்று கமிட்டி தீர்மானம் போடுவது கிறிஸ்தவம் அல்ல. 2012-இன் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் தெரிவித்தாக வேண்டும். 1098 என்ற சிறார் உதவி எண்ணில் உதவி கிடைக்கும். மன்னிப்பு பாவிக்கும் கடவுளுக்கும் இடையிலானது. அந்தப் பிள்ளைக்கு உரிய நீதியை அதைக் காட்டித் தள்ளுபடி செய்ய எந்தச் சபைக்கும் அதிகாரமில்லை.

இன்னொரு புறம், சோதனையே அல்லாத ஒன்றைச் சோதனை என்று எண்ணி நொந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் விடாமல் தன் மனத்தில் அடித்துக்கொண்டிருந்ததைப் பனியனே 1666-இல் தம் வாழ்க்கைச் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். விரும்பாத, அருவருப்பான எண்ணங்கள் திரும்பத் திரும்ப வந்து, மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தும் அடங்காவிட்டால், அது எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. அப்படிப்பட்டவரிடம் இன்னும் உபவாசம் இரு என்று சொல்லும் போதகர், அறியாமலே அவருடைய நோயை வளர்க்கிறார். மனநல மருத்துவரிடம் அனுப்புவதும் ஊழியம்தான்.

வருகிற லெந்து நாட்களில் உங்கள் ஜெபக் குழுவில் ஒரு மாலை இதைச் செய்து பாருங்கள். நம்பிக்கைக்குரிய நாலைந்து பேர் போதும். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக இருந்தாலும் சரி. பேசியது அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அறிவுரை சொல்ல யாரையும் அனுமதிக்காதீர்கள். பிறகு வெஸ்லியின் இரண்டாம் கேள்வியை ஒருவரையொருவர் கேளுங்கள். போதகர் அந்தக் குழுவில் இருந்தால், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.